வெள்ளைக் கத்திக்கு இருபது காசு

"ஆன்ட்டி, மங்கம்மா ஆன்ட்டிக்கு ரத்தம் வந்தா வலிக்காதா?"

கோயில் மடப்பள்ளியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி என்னிடம் கேட்ட கேள்வி இது. மங்கம்மா அரிந்துபோட்ட பரங்கித் துண்டுகளின் மேல் சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. அவளோ பேசிக்கொண்டே அரிந்தாள். இனிப்புநீர் நோய் வந்து பன்னிரண்டு வருடம். விரல் நுனிகளில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது.

கோயில் தலைவர் கணேசமூர்த்தி அவர்களே, அன்றே உங்களிடம் வந்து முறையிட்டேன். அம்மனுக்குப் படைக்கும் சோற்றில் ரத்தம் கலக்கலாமா என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "கழுவிட்டா போச்சு லா, புனிதாக்கா. அவங்க கை பட்டாதான் சாம்பார் சாம்பாரா இருக்கு" என்றீர்கள். பதினெட்டு வருடம் அந்த மடப்பள்ளியில் முதல் கரண்டி பிடித்தவள் நான். நாமெல்லாம் வேலை செய்த தோட்டம் விற்கப்பட்டு பாதிப் பேர் செண்டாயானுக்குக் குடிபோன பிறகும் அம்மனை விட்டுப் போகாதவள். என் கையிலிருந்த கரண்டியை வாங்கி அவளிடம் கொடுத்தவர் நீங்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மங்கம்மாவின் சாவுக்கு இந்தப் புனிதாதான் காரணம் என்று அவள் மகள் ரோகினி உங்களிடம் அழுதிருக்கிறாள். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

திருவிழாவுக்கு முன் அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தேன். சின்ன உதவிகளால்தான் உலகம் ஓடுகிறது என்று நம்புகிறவள் நான். சிரம்பானில் ஒரு கடையில் பீங்கான் கத்திகள் இருந்தன. வெள்ளை வெளேரென்று, சுத்தமாக. கடைப்பெண் சொன்னாள்: "துருவே பிடிக்காது ஆன்ட்டி. ஆனா பார்த்து. வெட்டினதே தெரியாது. தரையில ரத்தத்தைப் பார்த்துத்தான் நானே விரலைப் பார்த்தேன்."

மூன்று அளவு இருந்தது. ஒவ்வொன்றையும் தாளில் வைத்து இழுத்துப் பார்த்தேன். பழைய இரும்புக் கத்தி தோலோடு நின்றுவிடும். இது நிற்காது. இருப்பதிலேயே நீளமானதை எடுத்து, பூப்போட்ட தாளில் சுற்றித் தரச் சொன்னேன்.

காப்புக் கட்டுக்கு முதல் நாள் கொடுத்தேன். மங்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கத்தியைச் சும்மா வாங்கக்கூடாதுக்கா. உறவு அறுந்துடும்" என்று சொல்லி, இருபது காசை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். ஆகவே அது நான் கொடுத்த பரிசு அல்ல. அவள் விலைக்கு வாங்கிய பொருள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் ஆள்காட்டி விரலில் எலும்பு தெரிய வெட்டிக்கொண்டாள். நானே மஞ்சள் வைத்துக் கட்டினேன். தினமும் கஞ்சி கொண்டுபோனேன். அவள் ஓய்வெடுக்கட்டும் என்று கரண்டியை நான் பிடித்தேன். ஆறாம் நாள் விரல் கறுத்தது. "ஒண்ணு போனா என்னக்கா, இன்னும் ஒம்பது இருக்கு" என்று சிரித்தாள். எட்டாம் நாள் அவளால் சிரிக்க முடியவில்லை.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடவா? ரோகினி காடி ஓட்டிட்டு வரேங்கிறா."

"காப்புக் கட்டியாச்சே மங்கம்மா. தீமிதி முடியாம எல்லை தாண்டலாமா?"

நான் சொன்னதில் பொய் இல்லை. காப்புக் கட்டியவர்கள் தோட்டத்தை விட்டு வெளியே போவதில்லை. உடம்புக்கு முடியாதவர்கள் பூசாரியிடம் சொல்லிக் காப்பை அவிழ்த்துக்கொள்ளலாம் என்பதும் எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. வாடை தெரியாமல் இருக்க, கட்டின்மேல் சந்தனம் மட்டும் பூசிவிட்டேன்.

இந்த வருடம் படையலில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அம்மன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. நீங்களும் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினீர்கள். தீமிதி முடிந்த மறுநாள் மங்கம்மா போய்விட்டாள்.

மற்றவர்கள் சவவண்டியைப் பார்க்க வாசலுக்குப் போனபோது நான் அவள் பக்கத்தில் தனியாக இருந்தேன். முந்தானையில் முடிந்துவைத்திருந்த இருபது காசை அவிழ்த்து, அவள் கைக்கட்டுக்கு உள்ளே செருகினேன். யாரும் பார்க்கவில்லை. பிறர் காசை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தலைவரே. இனி அந்தக் கத்தி நான் கொடுத்ததுதான்.