அக்காவிடம் கேட்காமல் விட்ட கேள்வி

நோயுற்றோர் நலமே நாளும் நினைந்த நல்லவரே! கனிவோடு கண்டிப்பைக் கலந்து எங்களைக் காத்தவரே! தரமேம்பாட்டுப் பொறுப்பைத் தாயுள்ளத்தோடு தாங்கி, இன்று பணி ஓய்வு பெறும் தலைமைச் செவிலியரே! போதும் அக்கா, இதற்குள் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். விஷயத்துக்கு வருகிறோம்.

நீங்கள் பொறுப்பேற்றபோது நம் வாசலில் ‘தவறே நேராத மருத்துவமனை’ என்றொரு பலகை பளபளத்தது. தவறு நேர்ந்ததென்று வாய் திறந்தவருக்கு மெமோ வரும். ஆகவே யாரும் வாய் திறப்பதில்லை. “தவறு நடக்கலையா, யாரும் சொல்லலையா?” என்று இயக்குநரிடமே கேட்டீர்கள். பலகை இறங்கியது. உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது என்று விதி வந்தது. கத்தி வைக்குமுன் நோயாளியின் பெயரையும் பழுதான பக்கத்தையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, அந்தப் பக்கத்தில் பேனாவால் குறியிட வேண்டும் என்று இன்னொரு விதி வந்தது. கூடவே ‘நச்சரிப்பு’ என்று உங்களுக்கொரு பட்டமும் வந்தது.

அந்த நச்சரிப்பின் அருமை, உங்கள் கண்புரை அறுவையன்றுதான் எங்களுக்கு உறைத்தது. எல்லோரிடமும் கேட்கிற நாங்கள் உங்களிடம் கேட்கவில்லை. அக்காவிடம் போய்ப் பெயர் கேட்பதா? அக்கா நெற்றியில் பேனாவால் கோடு போடுவதா? மரியாதை, அக்கா, மரியாதை! அந்த மரியாதையோடுதான், பழுதில்லாத இடக்கண் தெரியும்படி பச்சைத் துணியைப் போர்த்தினோம். துணிக்கடியிலிருந்து குரல் வந்தது:

“டாக்டர் தம்பி, அது நல்ல கண்ணுப்பா. அதையும் வாங்கிட்டா நான் யாரை நச்சரிக்கிறது?”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. துணியை விலக்கிய செவிலி அழுதுவிட்டாள். நீங்கள் எழுந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“அழாதடி. என்கிட்ட கேக்க உனக்குக் கூச்சம், அவ்வளவுதான். பெரிய மனுஷங்க யார் வந்தாலும் இதே கூச்சம் வரும். பணியாளர் கூட்டத்துல நீயே எடுத்துச் சொல்லு. யார் உன்னை என்ன சொல்றாங்கன்னு நான் பாக்கறேன்.”

பிறகு படுத்துக்கொண்டு, “ம், இப்பக் கேளு” என்றீர்கள். கேட்டாள். முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல் பெயரையும் கண்ணையும் சொன்னீர்கள். அதே தம்பியிடம், அதே கைகளிடம், அன்றே உங்கள் கண்ணைக் கொடுத்தீர்கள். அதைவிடப் பெரிய பாராட்டு மடலை எங்களுக்கு எவரும் வாசித்ததில்லை.

அவள் கூட்டத்தில் சொன்னாள். மெமோ வரவில்லை. தெரிந்தவர், சொந்தக்காரர், அதிகாரி எவராயினும் இப்போது முதலில் பெயரைத்தான் கேட்கிறோம்.

நீடு வாழுங்கள், அக்கா. எங்கள் கட்டில் எதிலும் உங்களுக்கு இடமே கிடைக்காதிருக்கட்டும். எங்களைப் பார்க்க அடிக்கடி வாருங்கள். ஆனால் பார்வையாளர் நேரத்தில்தான். உங்களுக்கென்று விலக்குக் கொடுத்து ஒருமுறை பட்டது போதும்.

நிறைந்த அன்புடனும் இன்னும் கொஞ்சம் பயத்துடனும்,
அறுவை அரங்கு, வார்டுகள், மருந்தகம், சலவைக்கூடம், வாசல் காவல் ஆகிய அனைத்துப் பணியாளர்கள்