காஸ்பர் லெய்னிங்கின் ஒரே சிம்பொனிக்கு ஒரு வரவேற்புரை

ஓபர்லாஷ் நகர மன்றம் மூன்று நாள் அமர்ந்து, இரண்டு முறை வாக்கெடுத்து, ஒரு முறை கோபித்து எழுந்துபோய்த் திரும்பி வந்து, இந்நகரின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க ஒரு தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியிருக்கிறது: இன்றைய விழாவில் மேயரின் வரவேற்புரை எட்டு நிமிடங்களைத் தாண்டக் கூடாது! (கைதட்டல்.) தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவனே மேயராகிய நான்தான்.

இப்போது மணி பதினொன்று நாற்பத்தைந்து.

வெண்பனித் தாடியும் வெல்ல முடியாத பொறுமையும் கொண்ட விழாத் தலைவர் மருத்துவர் ஹாப்பே அவர்களே! மறையுரையைச் சுருக்கி, நம்மை மண்டபத்துக்கு முன்னதாகவே அனுப்பிவைத்த போதகர் அவர்களே! தலைநகரிலிருந்து நாற்பத்தொரு வாத்தியக்காரர்களோடு வந்திறங்கி, இரண்டு மணி ரயிலில் திரும்ப வேண்டிய இசை நடத்துநர் பிளெஸ்ஸிங் அவர்களே! பாடகர் சங்கத்தின் பெரியோர்களே! அடுப்பில் வாத்தை ஏற்றிவிட்டு, அதன் நினைவாகவே இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கறுப்பு உடையில் வீற்றிருக்கும் எமரென்ட்ஸ் லெய்னிங் அம்மையாரே! உங்கள் தந்தையின் சிம்பொனியை நாற்பத்தொன்பது ஆண்டு வாழ்வில் ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை. இன்று கேட்கப் போகிறீர்கள். (கைதட்டல்.) அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

யார் இந்தக் காஸ்பர் லெய்னிங்? காலுறை நெய்தவரின் மகன்; காற்றையே நெய்த கலைஞன்! தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தான்; தெருவெல்லாம் தேன் வார்த்தான். ஆனால் அவன் காது எங்கே இருந்தது? ஆர்கனிலா? இல்லை. பாடகர் குழுவிலா? இல்லை. நம் ஊர்க் காவற்கோபுரத்தில் இருந்தது! காவற்காரன் நண்பகலில் கொம்பில் ஊதுகிறானே மூன்று நீண்ட ஒலி, அதில் இருந்தது. நாம் அதைக் கேட்டால் சாப்பாட்டுக்கு எழுகிறோம். அவன் அதைக் கேட்டு ஒரு சிம்பொனிக்கு எழுந்தான்.

அதன் அமைப்பு உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம் வயலின்கள் மட்டும், மூடுபனி போல. பிறகு மௌனம். திறந்த சன்னல்கள் வழியே கோபுரக் கொம்பு. அந்த மூன்று ஒலியையும் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வாங்கி வளர்க்க, அதிலிருந்துதான் மீதிச் சிம்பொனி முழுவதும் முளைக்கிறது. ஆகவே, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நடத்துநரின் கோல் உயர்ந்தாக வேண்டும். ஒரு நிமிடம் முந்தக் கூடாது; ஒரு நிமிடம் பிந்தக் கூடாது.

கொம்பை மேடையிலேயே வைத்து ஊதலாமே என்று பெரிய நகரத்தார் கேட்டபோது லெய்னிங் சொன்ன பதில் என்ன?

“மேடைல ஊதினா அது வாத்தியம், அய்யா. மேல இருந்து வந்தாத்தான் அது ஊரு.”

(கைதட்டல்.) இப்படிச் சொன்னவனை இந்த ஊர் என்ன செய்தது? சொல்லட்டுமா? மறைக்கட்டுமா? சொல்கிறேன். குற்றவாளி என் குடும்பத்தவர் என்பதாலேயே சொல்கிறேன்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன், இதே மண்டபம், இதே ஞாயிறு. சிம்பொனி நன்றாக அமைந்தால் நகர இசை இயக்குநர் பதவி லெய்னிங்குக்கு ஆயுளுக்கும் சொந்தம். வரவேற்புரை ஆற்றியவர் அன்றைய மேயர், என் பெரியப்பா ஹெர்மன் ட்ராப். ஊரின் தொழிற்சங்கத்தார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வாழ்த்தினார். தோல் பதனிடுவோர் முடிந்து, தச்சர்கள் முடிந்து, வண்டிச் சக்கரம் செய்வோரில் நான்காமவரை எட்டியபோது கோபுரத்தில் கொம்பு ஒலித்தது. பெரியப்பா மலர்ந்துபோய்ச் சொன்னார்:

“பாத்தீங்களா! கோபுரமே எனக்குக் கைதட்டுது!”

(சிரிப்பு.) சிரிக்கலாம். லெய்னிங் சிரிக்கவில்லை. கொல்லைவழியே இறங்கி, இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறி, காவற்காரன் லோரன்ஸின் முன்னால் மூச்சிரைக்க நின்றான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

“டேய் லோரன்ஸ், இன்னொரு தடவ ஊதணும்டா. என் பொண்டாட்டி சன்னல்ல வெள்ளத் துணிய ஆட்டுவா. அப்ப ஊது.”

“உனக்கென்ன பைத்தியமா? ஒரே நாள்ல ரெண்டாவது தடவ ஊதினா என்ன அர்த்தம்னு தெரியாதா?”

“எல்லாரும் மண்டபத்துலதான இருக்காங்க. பாட்டுன்னு புரிஞ்சுக்குவாங்க.”

“என் வேல போயிடும்டா.”

“ஊதலன்னா என் உசிரு போயிடும்.”

என்ன மெல்லிசு, அந்தக் காவற்காரனின் மனசு! ஊதினான். லெய்னிங் மண்டபத்துக்குத் திரும்பி நடத்த, வயலின்கள் அடங்கின, துணி ஆடியது, கொம்பு ஒலித்தது. அந்தக் கணத்தில் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? கண்ணீர் விட்டார்களா? கரம் குவித்தார்களா? “தீ! தீ!” என்று கூவிக்கொண்டு வாளி எடுக்க ஓடினார்கள்! முதலில் ஓடியவர் செல்லோ வாசித்தவர். அவருக்கு வைக்கோல் கொட்டகை இருந்தது. மண்டபத்தில் மிஞ்சியவர்கள் இருவர். ஒருவர் லெய்னிங். மற்றவர் என் பெரியப்பா. அவர் இன்னும் நான்கு பெயர் பாக்கி வைத்திருந்தார்.

(குரல்: “மேயர் அய்யா! மணி பதினொண்ணு அம்பத்திமூணு ஆச்சு! எட்டு நிமிஷம் முடிஞ்சுது!”)

வணக்கம், ரொட்டிக் கடை கிரம்ப் அவர்களே. தீர்மானம் உரையின் நீளத்தைப் பற்றியது. நீங்கள் கைதட்டிய நேரத்தை என் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? (கைதட்டல்.) இதோ, இந்தக் கைதட்டலில் மேலும் அரை நிமிடம்.

(குரல்: “கிரம்ப், சும்மா இருய்யா! நீ பேசினா அவரு பதில் சொல்றாரு, பதில் சொன்னா நாங்க தட்டறோம், எப்பய்யா முடியும்?”)

எமரென்ட்ஸ் அம்மையார் எழுந்து நிற்கிறார். அமைதி! சொல்லுங்கள் அம்மா.

(எமரென்ட்ஸ் லெய்னிங்: “மேயர் அய்யா, எங்கப்பாவப் பத்தி நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா அவரு சொல்ல நெனச்சது அந்த வாத்தியப் பொட்டிகள்ல இருக்கு. அதத் தொறக்க விடுங்க. எனக்கு அஞ்சு நிமிஷம் போதும்.”)

கேட்டீர்களா? தந்தையின் தன்னடக்கம் மகளிடமும் பேசுவதைக் கேட்டீர்களா? எத்தகைய எளிமை! இந்த வார்த்தைகளுக்குப் பின்னும் ஒரு மேயர் வாய்மூடி அமர்வது நன்றியுள்ள நகரத்துக்கு அழகாகுமா? பிளெஸ்ஸிங் அவர்களே, கோலைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டாம், கை வலிக்கும்.

அந்த ஞாயிறுக்குப் பின் லோரன்ஸ் வேலை இழந்தான். லெய்னிங் பதவி இழந்தான். கல்யாண வீடுகளில் நடனத்துக்கு வாசித்தான். கசாப்புக்காரர் வீட்டுப் பெண்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தான். பதினோரு ஆண்டில் மறைந்தான். சிம்பொனி மாவுப் பெட்டிக்குப் போனது. மாவுப் பெட்டியிலிருந்து அதை மீட்டு, நாற்பத்தொரு வாத்தியங்களுக்கும் தன் கையாலேயே படியெடுத்து, வடகடற்கரைப் பள்ளியில் வாங்கும் சம்பளத்தில் ரயிலேறி வந்தவர் இதோ இந்த மகள்! இரண்டு மணி ரயிலில் அவரும் திரும்புகிறார்; நாளை அவருக்கு வகுப்பு இருக்கிறது.

இன்றைய காவற்காரரும், இரண்டாவது முறை ஊதவே மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். ஆகவே நமக்கு இருப்பது ஒரே கொம்பு. ஒரே வாய்ப்பு. அதை நழுவ விடுவோமா?

(பல குரல்கள்: “மாட்டோம்! உக்காருங்க!”)

மாட்டோம் என்கிறீர்கள்! அந்த முழக்கம் என் நெஞ்சைத் தொடுகிறது. அன்று ஒரு நா நீண்டது. ஒரு மேதையின் வாழ்வு குறுகியது. நா பெரிதா, நாதம் பெரிதா? சொல் பெரிதா, சுரம் பெரிதா? அன்றைய மேயருக்கு விடை தெரியவில்லை. இன்றைய மேயருக்குத் தெரியும்! நான் ஹெர்மன் ட்ராப் அல்ல! இனி ஓபர்லாஷில் எந்தப் பேச்சும் எந்தப் பாட்டின் குறுக்கிலும் நிற்காது என்று, இந்த மேடையில், இந்த மகளின் முன்னிலையில், இந்த நகரத்தின் பெயரால், என் பெரியப்பாவின் பிழைக்குப் பரிகாரமாகச் சூளுரைக்கிறேன்! (நீண்ட கைதட்டல்.)

நாற்காலி தந்த பாடகர் சங்கத்துக்கு நன்றி. சன்னல்களைத் திறந்துவைத்த தீயணைப்புத் தொண்டர்களுக்கு நன்றி. பூ தந்த திருமதி கிரான்ஸுக்கும், பூச்சாடி தந்த அவருடைய தங்கைக்கும் நன்றி. பொறுமையோடு கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் இதயம் நிறைந்த நன்றியையும் வணக்கத்தையும் கூறி, இதோ, இசைக்கு வழிவிட்டு அமர்கிறேன்.

(கோபுரத்தில் நண்பகல் கொம்பு ஊதப்பட்டது. எமரென்ட்ஸ் லெய்னிங் இரண்டு மணி ரயிலில் புறப்பட்டார்.)