சுவரில் ஒட்டிய கண்ணாடி

உங்கள் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற விரிசலைப் பற்றிக் கவலை வேண்டாம். அது பூச்சோடு நிற்கிறது, சுவருக்குள் போகவில்லை. சிலந்தி வலை மாதிரி நாலாபக்கமும் ஓடுகிறது பாருங்கள். கெட்ட விரிசல் அப்படி அலையாது. செங்கல் செங்கலாகப் படியிறங்கி ஒரே பக்கமாகப் போகும். உள்ளே வந்ததும் நான் முதலில் அதைத்தான் பார்த்தேன். தொழில், என்ன செய்வது.

"மழை பெஞ்சுது, பழைய சுவர், விழுந்துடுச்சு. இதுல உங்க தப்பு என்னம்மா இருக்கு? வீட்டுக்குப் போங்க" என்று நேற்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். உங்களுக்குப் பெரிய மனது. இருந்தாலும் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிவில் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என் அம்மா சித்தாள். நான் படித்து முடிக்கிறவரை செங்கல் சுமந்தாள். அவள் உச்சந்தலையில் சும்மாடு உட்கார்ந்த இடத்தில் ஒரு வட்டம் இருக்கிறது, அங்கே முடி முளைக்காது. அதைக் காட்டி இரக்கம் கேட்க வரவில்லை. இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்பீர்கள், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன்.

வீடு கட்டித் தரும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. புதுவீடு கட்டப்போகிற ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும் தரகருக்கு எங்கள் கம்பெனி கமிஷன் தரும். ஒளிவுமறைவு கிடையாது, படிவம் உண்டு, ரசீது உண்டு. படிவத்தில் ‘அறிமுகம் செய்தவர்’ என்று ஒரு கட்டம். அதில் யார் பெயர் இருக்கிறதோ, அஸ்திவாரம் தோண்டுகிற அன்று அவருக்குப் பணம்.

அந்தத் தரகர்களில் ஒருவரைக் குடைக்காரர் என்போம். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். விரித்து யாரும் பார்த்ததில்லை. பழைய வீடுகளாகத் தேடிப் பிடிப்பார். "சும்மாதான் சுவரைப் பார்த்துச் சொல்றாங்க, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று பேசி வைப்பார். நான் போய்க் கண்ணாடி ஒட்டுவேன்.

எளிய வேலைதான். விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் பிடித்து, தேதி எழுதிவிட்டு வர வேண்டும். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் தூங்குகிறது, பூசிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். உடைந்திருந்தால் சுவர் நகர்கிறது. கண்ணாடிக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது.

முதல் வீடு ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருடையது. "இன்ஜினியர் எங்கம்மா?" என்றார். "நான்தான் சார்" என்றேன். என்னைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் நின்றபடியே வேலை செய்தேன். வராந்தாவில் நாலு நாற்காலி சும்மா கிடந்தன. மூன்று வாரம் கழித்துப் போனேன். கண்ணாடி முழுசாக இருந்தது. தூசி துடைக்கும்போது கட்டைவிரல் கொஞ்சம் அழுந்திவிட்டது. நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவர் முகம் வெளுத்துப்போனது. "உட்காரும்மா" என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கை தவறிவிட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாற்காலி சௌகரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு கை தவறவில்லை, தெரிந்தே அழுத்தினேன். இரண்டு வருடத்தில் பதினொரு வீடு. குடைக்காரர் மூன்றாவது வீட்டிலேயே புரிந்துகொண்டார். "பாப்பா கை பட்டா வீடே புதுசாயிடுது. ராசியான கை" என்று சிரித்தார். தன் கமிஷனில் கால் பங்கைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினேன். இடித்தவை எல்லாம் இன்னும் முப்பது வருடம் நிற்கக்கூடிய வீடுகள். ஆனால் கடன் வாங்கியாவது எல்லாரும் புதுவீட்டுக்குப் போனார்கள், என்னை வாழ்த்தினார்கள். அந்த அதிகாரி மட்டும் புதுவீட்டைப் பார்க்கவில்லை. கட்டி முடிக்கும்வரை தங்கப்போன வாடகை வீட்டில் மாடிப்படி வழுக்கி விழுந்தார். அதை மாடிப்படியின் குற்றம் என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். விரலால் உடைத்த கண்ணாடியில் இரண்டு துண்டும் ஒட்டினாற்போலவே இருக்கும். சுவர் உடைத்தால் துண்டுகள் விலகி நிற்கும். சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு அட்டையை விட்டுப் பார்க்கலாம். சுவர் உடைத்திருந்தால் உள்ளே போகும். அதற்கென்றே ஒரு பழைய விசிட்டிங் கார்டு வைத்திருப்பேன். வீட்டுக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. குடைக்காரருக்கும் தெரியாது.

இந்த வருடம் அவர் கால் பங்கை நிறுத்திவிட்டார்.

"உன் கட்டைவிரல் பண்றதை என் குடை முனை பண்ணாதா பாப்பா? நீ சம்பளத்துக்கு வேலையப் பாரு."

"அண்ணே, நான் வாயைத் திறந்தா உங்க பொழப்பு என்ன ஆகும்?"

"திறயேன். ஒட்டுனது யாரு, உடைஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்க. எனக்குக் கண்ணாடின்னா மூக்குல மாட்டுறது மட்டும்தான் தெரியும்."

ஏறவிட்டு ஏணியை எடுத்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அவர் பிடித்துக் கொடுத்த வீடுதான் அந்தத் தையல்கார அக்காவின் வீடு. கதவைத் திறந்ததும் "வாங்க இன்ஜினியர்" என்றாள். நான் எதையும் உடைப்பதற்கு முன்பே நாற்காலி போட்ட ஒரே வீடு அது.

"டேப்பை ஏன் கையிலயே பிடிச்சுக்கிட்டு அலையறீங்க? ஆம்பளைங்க சட்டைன்னா மேல கீழன்னு பை. நமக்குன்னா ஒண்ணுகூட வெக்க மாட்டானுங்க" என்று என் கம்பெனிக் கோட்டைக் கழற்றி வாங்கினாள். நான் கண்ணாடி ஒட்டி முடிப்பதற்குள் உள்பக்கம் ஒரு பை வைத்துக் கொடுத்தாள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. இதோ, இந்தப் பைதான்.

விரிசல் அவள் தையல் மெஷின் இருந்த ஜன்னலோரச் சுவரில். பயந்துபோய் மெஷினை உள்ளறைக்குத் தள்ளியிருந்தாள். அங்கே வெளிச்சம் போதாது. ஊசியில் நூல் கோக்க ஒவ்வொரு தடவையும் மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. "இடிக்கணும்னா சொல்லுங்க, லோன் போட்டாவது கட்டிக்கறேன். இருக்கலாம்னா இருக்கறேன். உங்க வாயால ஒரு வார்த்தை வந்தா போதும் இன்ஜினியர்" என்றாள்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். மழை பிடித்திருந்தது. கண்ணாடி உடைந்திருந்தது. நான் இன்னும் தொடவே இல்லை.

குடை முனை என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். திருட்டு எனக்கு அத்துபடி. திருட்டைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

"தரகர் வந்தாராக்கா?"

"இல்லையே. நீங்க போனப்புறம் ஒருத்தரும் வரலை."

அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். என்னை மதிக்கிற ஒருத்தியின் வீட்டையாவது காப்பாற்றுவோம், பதினொரு வீட்டுப் பாவத்துக்கு ஒரு புண்ணியம் என்றும் நினைத்தேன். நேற்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான்.

"யார் கையோ பட்டிருக்கும்கா. சுவர் நல்லா இருக்கு. தைரியமா இருங்க" என்று பழைய துண்டுகளைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கண்ணாடி ஒட்டினேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப மெஷினை வெளிச்சத்துக்கே கொண்டுபோயிடலாமா?" என்றாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்து பழைய இடத்தில் போட்டோம். இன்னும் கொஞ்சம் சுவரோடு நெருக்கிப் போடுங்கள், ஜன்னல் வெளிச்சம் நேராக ஊசியில் விழும் என்று நான்தான் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் காலை. நூல்கண்டு வாங்கப் போன மகள் திரும்பி வந்தபோது தெருவிலிருந்தே உள்ளறை தெரிந்திருக்கிறது. மெஷினை நீங்களும் பார்த்தீர்கள், அதன் சக்கரம் மட்டும் வெளியே தெரிந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "நீ பார்த்த வீடாச்சே, எப்படி விழும்?" என்றாள். இரண்டு நாளாக அதையேதான் கேட்கிறாள். நான் படித்தவள் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கோபத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அறிமுகம் செய்தவர் கட்டத்தில் அந்த மனிதரின் பெயர் இருந்தது. எனக்கு அதில் பங்கில்லை. அந்த வீட்டை இடித்தால் அவர் சிரிப்பார். அவர் சிரிக்கக் கூடாது, எனக்கு அவ்வளவுதான். கால் பங்கு எனக்கு வருமென்றால் அன்றைக்கே இடிக்கச் சொல்லியிருப்பேன், அக்கா இன்றைக்கு எங்கேயாவது ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். என் பேராசையாவது அவளைக் காப்பாற்றியிருக்கும்.

அந்தக் கார்டை விட்டுப் பார்த்தாயா என்று கேட்பதற்குத்தான் வாயைத் திறக்கிறீர்கள். பார்க்கவில்லை. அது அவள் தைத்துக் கொடுத்த இந்தப் பையில் இருந்தது. என் கையும் இதற்குள்தான் இருந்தது, கார்டைப் பிடித்துக்கொண்டு. வெளியே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அது உள்ளே போயிருக்கும்.