பக்கத்து மேசைக்காரரின் அம்மா

எழுதிப் பழக்கமில்லாதவன், வாசிக்கும் பெரியோர் பொறுத்தருள வேண்டும். அலுவலகக் கடிதங்களுக்கு மேல் எதையும் எழுதத் துணிந்ததில்லை.

எங்கள் பன்னாட்டு நிறுவனத்தை இன்னொன்றோடு ஒன்றாக்கியபோது, என் பிரிவில் என்னைத் தவிர அனைவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு வேலை மிஞ்சியது, பேச்சுத்துணை மிஞ்சவில்லை. உறவென்று சொல்லிக்கொள்ளவும் ஒருவருமில்லை. இணைந்த அந்த நிறுவனத்திலிருந்து வந்த கணக்கர் பக்கத்து மேசையில் அமர்ந்தார். நல்ல மனிதர். தம் கல்யாண விஷயத்தில் தாயாரோடு மனஸ்தாபம். பேச்சு நின்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

"வீம்புல எங்கம்மா எனக்கே வாத்தியார் சார். என் ஆபீஸ் நம்பர் அவங்ககிட்ட இருக்கு. அவங்களா ஒரு தடவ கூப்பிடட்டும், அன்னைக்கே பெட்டியக் கட்டிருவேன்."

இரு நிறுவனத் தொலைபேசிகளையும் ஒரே அமைப்பில் சேர்த்தபோது, கணக்கரின் பழைய எண் தவறுதலாக என் மேசைக்கு வந்துவிட்டது. ஒரு மதியம், அவர் கூட்டத்துக்குப் போயிருந்த வேளையில் மணி அடித்தது.

"தம்பி, இன்னும் கோவமாப்பா?"

காது மந்தம் போலும், உரக்கப் பேசினார்கள். "இல்லம்மா" என்றேன். ஒரு முதியவரின் மனம் நோகக் கூடாது என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கில்லை.

மறுநாள் தொலைபேசிக்காரர் வந்து, "எல்லாருக்கும் லைன் சரியா இருக்கா சார்?" என்று கேட்டார். சரியாக இருப்பதாகச் சொன்னேன்.

அதன்பின் தினமும் அழைத்தார்கள். சாப்பிட்டேனா என்று கேட்டார்கள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "உங்கம்மா தவறாம கூப்பிடறாங்களே, கொடுத்து வச்சவர் சார் நீங்க" என்பார் கணக்கர். நான் பணிவாகச் சிரிப்பேன்.

பிறகு அந்தக் குரல் மெலிந்தது. "உடம்பு முடியலப்பா. ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிடு."

"ரெண்டு கம்பெனியும் ஒண்ணாகுதும்மா, தலைக்கு மேல வேலை. முடிஞ்சதும் வரேன்" என்றேன். மகனிடம் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் எண் அவர் மேசைக்குப் போய்விடும்.

தாயாரின் காரியம் முடித்துத் திரும்பிய கணக்கர் நாற்காலியில் அப்படியே அமர்ந்திருந்தார்.

"கடைசியில அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு சார். தினமும் நான் பேசறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்க. அவங்க ஒரு தடவகூட என்னைக் கூப்பிடல."

தண்ணீர் கொடுத்தேன். ஆறுதலும் சொன்னேன்.

இழப்பை நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மையாருக்கு மகனின் முகம். கணக்கருக்குத் தாய், அதுவும் பேச்சுவார்த்தையில்லாத தாய். எனக்கு, தினமும் பேசிய அம்மா.