வினிகர் அலமாரி

எங்கள் நூலகத்தின் கீழ்த்தள அறை எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். மனிதர்களுக்காக அல்ல, மைக்ரோஃபிலிம் சுருள்களுக்காக. பழைய செய்தித்தாள்களைப் படமெடுத்துச் சுருளாக்கிவிட்டு, தாள்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். சுருள் போனால் செய்தியும் போச்சு.

நான் சின்ன வயதிலிருந்து செங்கல் சுமந்தவன். முதுகு அப்போதே போய்விட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை இந்த அறையில்தான் கிடைத்தது. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

கணினி வந்தபிறகு கீழே யாரும் இறங்குவதில்லை. தலைமை நூலகர் படியில் நின்றபடியே கேட்பார்: "என்னய்யா, உன் ஐஸ்பெட்டிக்கு ஆள் வருதா, இல்ல கரப்பான்பூச்சிதான் படிக்குதா?" வாசகர் இல்லையென்றால் அறையை மூடிவிட்டு, என்னை மூட்டை இறக்க அனுப்பிவிடுவார்கள்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். ஆலைக்குத் தீ வைத்ததாக அவர் மகன் சிறையில் இருந்தான்.

"அன்னைக்கு அவன் வேற ஊர்ல, வெள்ளத்துல மாட்டினவங்களைத் தூக்கிக் கரை சேத்துட்டு இருந்தான் தம்பி. பேப்பர்ல போட்டோவே வந்துச்சு. அந்தப் பேப்பரை அடுப்பு மூட்ட எடுத்துட்டேன், பாவி."

மறுநாள் வரச் சொல்லிவிட்டுத் தேடினேன். உடனே கிடைத்தது. தோளில் ஒரு கிழவரைச் சுமந்து நிற்கிறான். முகம் தெளிவாக இருந்தது.

கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அன்றோடு போய்விடுவார். சுருளை எடுத்துவிட்டு அதன் பெட்டிக்குள் வேறு சுருளை வைத்தேன். "பெட்டியெல்லாம் மாறிக் கிடக்கும்மா. ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும்" என்றேன். நம்பினார்.

ஃபிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும். அது பக்கத்துச் சுருளுக்கும் தொற்றும். அதனால் கெட்டவற்றுக்குத் தனி அலமாரி. யாரும் திறக்கமாட்டார்கள் என்று அவர் மகனின் சுருளை அங்கே வைத்தேன். கொஞ்ச நாளில் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான்.

வருஷக்கணக்கில் வாரம் தவறாமல் வந்தார். சுருளைப் படிக்கிற இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் வீங்கிவிட்டது. "இதுக்குக் கிணத்து ராட்டினமே தேவலாம் தம்பி. தண்ணியாச்சும் வரும்" என்று சிரிப்பார். நான் தேநீர் வாங்கிக் கொடுப்பேன். தலைமை நூலகர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, ஆள் இருக்கிறது என்று திரும்பிப் போவார்.

மகன் சிறையிலேயே நெஞ்சுச் சளியில் இறந்துபோனான். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உசிரு போச்சு. பேராச்சும் திரும்பி வரட்டும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது, ஐயா.

அன்று அவர் போனபின் அலமாரியைத் திறந்தேன். சுருள் ஒட்டிக் கட்டியாகிவிட்டது. நுனி மட்டும் பிரிந்தது, பத்திரிகையின் பெயரும் மாதமும் தெரிந்தன. திரும்ப வைத்துவிட்டேன். அலமாரியைக் காலிசெய்ய வந்தவர்கள் அந்த நுனியைப் பார்த்து, அம்மா தேடுகிற மாதம் அதுதான் என்று தெரிந்துதான் போலீஸ் என்று உங்களைக் கூப்பிட்டார்கள்.

ஒளித்தது நான். கெடும் என்று தெரிந்தே வைத்ததும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

அம்மாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை என்கிறீர்கள். அப்படியானால் நாளைக்கும் வருவார். இயந்திரத்து விளக்கின் சுவிட்சு இறுக்கம், யாராவது போட்டுக் கொடுங்கள். இத்தனை காலமும் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?