இருக்கைக்குப் பின்னால் முப்பது லீற்றர்

முதலில் தேநீரைக் குடியுங்கள், நாகேந்திரம். இந்த வீட்டுக்கு வந்த எவரும் ஆறிய தேநீர் குடித்ததில்லை. நீங்கள் வாகனச் சாவியோடு மேசைமேல் வைத்திருக்கும் அந்தச் சின்னச் சுவிச்சைப் பார்த்துவிட்டேன். கண்ணாடி போடாமலே தெரிகிறது. அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள், பிஸ்கற் தட்டுக்கு இடம் வேண்டும்.

அது என்னுடையதுதான். மறுப்பது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. ஆனால் ஒரு காரியத்தை நடுவிலிருந்து கேட்டால் களவு போலத் தோன்றும். ஆகவே தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த இடங்களிலும் பொறுமையாக இருங்கள்.

வெள்ளவத்தையில் இந்த ஒழுங்கைக்கு நாங்கள் குடிவந்த காலத்தில் வாகனம் வைத்திருந்தவர் என் தகப்பனார் ஒருவர்தான். சொந்தக்காரரோ அயலவரோ, யார் கேட்டாலும் சாவியைக் கொடுத்தார். ஒரு சதமும் வாங்கியதில்லை. ஒரேயொரு வழக்கம் இருந்தது. கொண்டுபோனவர் எண்ணெய்த் தாங்கியை நிரப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதையும் அவர் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அது வாடகை. கேட்காமல் வந்தால் மரியாதை. அந்த வித்தியாசத்தில்தான் எங்கள் குடும்பத்தின் பெயர் நிற்கிறது.

அவருக்குப் பிறகு நானும் அப்படியே நடந்தேன். பின்னால் பெட்டி வைத்த என் டபுள் கெப் ஏற்றாத சுமை இல்லை. கலியாணத்துக்கு வாழைமரம், செத்தவீட்டுக்குக் கதிரை, கோயிலுக்கு அரிசி மூட்டை. இதே வீட்டில் இருக்கும் என் தங்கை ஜெகதீஸ்வரி தன் மகள் தாரிகாவை உங்கள் மகன் ராகுலனுக்குக் கட்டிக் கொடுத்தபோது, கிருலப்பனையில் உங்கள் வீட்டுக்குச் சீர்வரிசை வந்ததும் அதில்தான். நீங்கள் அன்று அதன் கதவைத் தட்டிப் பார்த்து, நல்ல இரும்பு என்று சொன்னீர்கள். எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு அந்த டீசல் வரிசைக் காலம் வந்தது. வரிசை போனது, விலை போகவில்லை. என் ஓய்வூதியம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதோடு இப்போதைய பிள்ளைகள் தாங்கியை நிரப்புகிற விதமும் மாறிவிட்டது. ஊசி மேலே ஏறுவது போலத் தெரிந்தவுடன் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். சில லீற்றர்தான் குறையும். ஆனால் கெப்பைக் கேட்டு வராத கிழமை இல்லை. நான் என்ன செய்வது? இல்லை என்று சொன்னால் தகப்பனார் படத்திலிருந்து இறங்கி வந்துவிடுவார். நீ குறைவாக அடித்தாய் என்று சொல்வதற்கோ எனக்கு நாக்கு வளையாது.

ஆகவே மருதானைக்குப் போனேன்.

அந்த வேலைத்தளத்தை நடத்துகிற றலியாவை நீங்கள் இப்போது அறிவீர்கள். கணவர் வாகனத்துக்கு அடியில் படுத்திருப்பார், பேச்சு முழுவதும் றலியாவுடையது. பின்னிருக்கைக்குப் பின்னால், பெட்டிக்கு முன்பக்கமாக ஒரு மேலதிகத் தாங்கி வைக்க வேண்டும், முப்பது லீற்றர் கொள்ள வேண்டும், ஒரு சிறிய மின்பம்பு பூட்ட வேண்டும் என்றேன். தூரப் பயணத்துக்குப் பலர் செய்கிற வேலைதான் என்று அவர் விலை சொன்னார். பம்பு எந்தப் பக்கமாக இழுக்க வேண்டும் என்று நான் விளக்கியபோதுதான் எழுதுவதை நிறுத்தினார்.

"எல்லாரும் பின்னுக்கு டாங்க் வச்சு முன்னுக்குத்தான் எண்ணெ எடுக்கிற. நீங்க என்ன சேர், முன்னுக்கு இருக்கிறதப் பின்னுக்கு ஒளிக்கச் சொல்ற?"

ஒளிப்பதல்ல, சேமிப்பது என்றேன். றலியா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வேலை சுத்தமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். டாஷ்போட்டுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, இதோ இந்தச் சுவிச். மேலே தள்ளிவிட்டால், வாகனம் ஓடும்போது பம்பு பெரிய தாங்கியிலிருந்து டீசலை மெல்ல எடுத்துப் பின்தாங்கியில் விடும். அது நிறைந்ததும் தானாக நிற்கும். கீழே தள்ளினால் எல்லாம் முன்னுக்கு வரும். வாகனத்தை இரவல் கொடுக்கும்போது மேலே, நான் ஓட்டும்போது கீழே. கொண்டுபோனவர் ஊசி இறங்குவதைப் பார்ப்பார். பழைய வாகனம், கொஞ்சம் குடிக்கும் என்று நினைப்பார். எண்ணெய்ச் செட்டுக்குப் போய் நிரப்புவார். ஒருவரிடமும் நான் எதையும் எடுக்கவில்லை, நாகேந்திரம். அவர்களே தந்தார்கள். தாங்கள் அறிந்ததைவிடக் கொஞ்சம் கூடத் தந்தார்கள், அவ்வளவுதான்.

என் மருமகள் முறையான அனுஷியா தெஹிவளைக்கு வீடு மாறியபோது கெப்பைக் கொண்டுபோனாள். சாவியைத் தருகிறபோது, "மாமா, உங்கட வாகனம் யானை மாதிரிக் குடிக்குது" என்றாள். வயது போனால் தாகம் கூடும் பிள்ளை என்றேன். அவள் இரக்கப்பட்டு, எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் மருந்து என்று ஒரு போத்தல் வாங்கி வந்து தந்தாள். வாங்கி வைத்தேன். அன்பாகத் தருவதை மறுப்பது மரியாதை அல்ல.

இனி உங்கள் மகனுடைய விசயத்துக்கு வருகிறேன்.

அன்று காலை ராகுலன் வந்து, குழந்தைக்கு ஒரு தொட்டில் பார்த்திருப்பதாகவும், ஏற்றிவரக் கெப் வேண்டுமென்றும் கேட்டார். தாரிகாவுக்கு நாள் இன்னும் இருந்தது. நான் முதல் நாள்தான் வத்தளைக்குப் போய் வந்திருந்தேன். முன்தாங்கியில் கால்வாசிதான் இருந்தது, பின்தாங்கி காலி. சுவிச்சோ மேலே இருந்தது. ஏனென்றால் ராகுலன் வருவதாகத் தொலைபேசியில் சொன்னவுடனேயே தள்ளிவிட்டிருந்தேன்.

சாவியைக் கொடுக்கப் போன கணத்தில்தான் கால்வாசியின் நினைவு வந்தது. முன்தாங்கி குறைவாக இருக்கும்போது பம்பைப் போட்டுவிடாதீர்கள், அடியோடு உறிஞ்சிவிடும் என்று றலியா சொல்லியிருந்தார். சுவிச்சைக் கீழே தள்ள நான் குனிய வேண்டும். கதவருகே உங்கள் மகன் நிற்கிறார். இந்த வயதில், தங்கையின் மருமகனுக்கு முன்னால், ஸ்ரியரிங்குக்குக் கீழே தலையை விட்டு நான் எதைத் தேடுகிறேன் என்று சொல்வது? சால்வையைச் சரிசெய்துகொண்டு சாவியைக் கொடுத்தேன். நல்ல குடும்பத்துப் பிள்ளை புறப்பட்டவுடனேயே கொஞ்சம் டீசல் அடித்துக்கொள்ளும் என்று நம்பினேன். உங்கள் வளர்ப்பின் மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

ராகுலன் எல்லோரையும் போலத் திரும்பும்போது நிரப்பலாம் என்று இருந்துவிட்டார். பின்னேரம் தாரிகாவுக்கு நோவு கண்டது. தொட்டிலை இறக்கிவிட்டு, அவளைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு காலி வீதியால் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். நெரிசல். பம்பலப்பிட்டியில் கெப் இருமியது, பிறகு நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்தன. ராகுலன் முச்சக்கரவண்டி ஒன்றை மறிக்க ஓடினார். உங்கள் பேத்திக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

நின்றுபோன பஸ் ஒன்றிலிருந்து, கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஓய்வுபெற்ற தாதி, பேர்ணடெற் என்ற அம்மா இறங்கி வந்தாராம். பிள்ளையைக் கையில் ஏந்தியவர் அவர்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதை வெள்ளவத்தை முழுவதும் இன்று சொல்கிறது.

"மகன், இந்தப் பெரிய வாகனம் வச்சிருக்கிறீர். ஒரு லீற்றர் டீசல் அடிக்கேலாதா உமக்கு?"

குழந்தை பிறந்த இடத்துக்கு ஒரு முழம் பின்னால், அந்தக் கால்வாசியில் ஓடியது போக மிச்ச டீசல் அத்தனையும் இருந்தது. இதை நான் உணராமல் இல்லை.

அன்றே ராகுலன் தாங்கியை விளிம்பு மட்டும் நிரப்பிச் சாவியைக் கொண்டுவந்து தந்தார். சட்டையெல்லாம் இரத்தக் கறை. ஆனாலும் வழக்கம் தவறவில்லை. கவனித்தேன், மனத்துக்குள் மெச்சினேன்.

வெளியே மெச்ச முடியவில்லை. வாகனம் ஏன் நின்றது என்று எல்லோரும் கேட்டார்கள். ஒன்றில் வாகனத்தில் பிழை, அல்லது ஓட்டினவரில் பிழை. வாகனம் எங்களுடையது.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு இந்த மண்டபத்தில்தான் நடந்தது. நீங்கள் அந்தத் தூண் ஓரமாக இருந்தீர்கள். சபையில் மூத்தவன் என்ற முறையில் நான் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைத்தாச்சியை வெறும் தாங்கியோடு ஏற்றிக்கொண்டு போவது எங்கள் குடும்பத்தில் கண்டிராத கஞ்சத்தனம் என்றேன். ராகுலன் மெதுவாக எழுந்தார்.

"மாமா, கால் டாங்க் இருந்தது. கால் டாங்கில கிருலப்பனையில இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகேலாதோ?"

நல்ல கேள்வி. அதற்கு விடை தெரிந்தவன் அந்தச் சபையில் நான் ஒருவன்தான். "கேள்வி கேக்கிற நேரத்துக்கு டீசல் அடிச்சிருக்கலாம் தம்பி" என்றேன். சனம் சிரித்தது. எழுந்த உங்கள் மகன் திரும்ப இருந்துவிட்டார். தாயையும் பிள்ளையையும் அன்று கிருலப்பனைக்கு அனுப்புவதாக இருந்தது. பெண்டாட்டியைத் தெருவில் பெறவிட்டவனோடு தன் மகள் போகமாட்டாள் என்று ஜெகதீஸ்வரி சொல்லிவிட்டாள். தாரிகா மேல்மாடியில் இருந்து அழுதாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ராகுலன் பிள்ளையைப் பார்க்க வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. கதிரை போட்டு இருக்கவைத்தாவது அனுப்பலாம்.

பின்தாங்கி டீசலை நான் தொடவில்லை. துடக்குக் கழியும் வரை கோயிலுக்குப் போகக்கூடாது, இதில் நான் கண்டிப்பானவன். கழிந்த பிறகு சுவிச்சைக் கீழே தள்ளி, அதில் முன்னேஸ்வரத்துக்குப் போய், சுகப்பிரசவத்துக்கு நன்றி சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். ராகுலன் பெயருக்கும் செய்தேன்.

போன கிழமை நீங்கள் வந்தீர்கள். என் மகன் கஞ்சன் அல்ல, வாகனத்தில்தான் எங்கோ ஒழுக்கு, என் செலவிலேயே பார்ப்பிக்கிறேன், சாவியைத் தாருங்கள் என்றீர்கள். கேட்டவருக்குச் சாவி கொடுக்காமல் விட எனக்குத் தெரியாது. மருதானையில் அத்தனை வேலைத்தளம் இருக்க, நீங்கள் றலியாவிடமே போனீர்கள். ஒழுக்கு ஒன்றும் இல்லை, இது எங்கள் கை வேலைதான் என்று அவர் பெருமையாகத் திறந்து காட்டியிருப்பார். நல்ல வேலை செய்தவர்களுக்கு அந்தப் பெருமை இருக்கத்தான் செய்யும்.

இனி என்ன செய்யலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். தங்கையைக் கூப்பிட்டு, ராகுலனை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்கிறேன். நான் மன்னித்தால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். தாரிகாவும் பிள்ளையும் நாளைக்கே கிருலப்பனைக்கு வந்துவிடுவார்கள். இரண்டு குடும்பத்தின் மானமும் இருந்த இடத்தில் இருக்கும். நீங்கள் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் கதவுப் பக்கம் பார்க்கிறீர்கள்?

ஜெகதீஸ்வரி, நீ எப்போது வந்து நின்றாய்?

தேநீர் தட்டு அவள் கையில் இருக்கிறது. இரண்டாம் முறைத் தேநீர், ஆறிப்போயிருக்கும். அறுபது வருடத்தில் அவள் என்னை இப்படிப் பார்த்ததில்லை.

"அந்த டீசலிலயோ அண்ணா, என்னை ஏத்திக்கொண்டு முன்னேஸ்வரம் போனனீங்கள்?"

"ஓம்."

தட்டை வைத்துவிட்டுப் படியேறிவிட்டாள். கேட்கிறதா? தாரிகாவைக் கூப்பிடுகிறாள், உடுப்புகளை அடுக்கச் சொல்கிறாள், ராகுலனுக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்கிறாள். நடுவில் என் பெயரும் வருகிறது, அடைமொழியோடு. நான் அதைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஆம், நாகேந்திரம். நான்தான் செய்தேன். சுவிச்சை மேலே தள்ளியதும் நான், குனியாமல் நின்றதும் நான், உங்கள் மகனைச் சபையில் வாயடைத்து இருத்தியதும் நான். கேட்டதற்கு முழுதாகச் சொல்லிவிட்டேன். இது வெள்ளவத்தையைத் தாண்டாது என்று நம்புகிறேன்.

தாயும் பிள்ளையும் மூட்டை முடிச்சோடு முச்சக்கரவண்டியில் போவது இந்த வீட்டுக்கு அழகல்ல. இந்தாருங்கள் சாவி, கெப்பைக் கொண்டுபோங்கள். ஒரு சதமும் வேண்டாம்.

திரும்பக் கொண்டுவரும்போது, எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்.