பொம்பிளையளுக்கு அளவில்லாத ஓவரோல்

ஐயோ தங்கச்சி, அந்தக் கதிரையில இருக்காதேங்கோ, ஊசி கிடக்கு! உந்த ஓவரோல் குவியலை அங்கால தள்ளிப்போட்டு இதில இருங்கோ. ஓம் ஓம், உங்கட பிளவுஸ்தான். பின்னேரம் உங்கட அண்ணையின்ர கலியாண ரிசெப்ஷன் எண்டும் தெரியும். முதல் ரீயைக் குடியுங்கோ. அவசரப்பட்டால் தையல் கோணும்.

நான் பிளவுஸ் தைக்கிறவள். அஜின்கோர்ட்டில யோகமலரின்ர தையல் எண்டால் பக்கத்து ரவுன் மார்க்கத்தில இருந்தும் சனம் கார் எடுத்து வரும். இப்ப பாருங்கோ, வீடு முழுக்க நீலக் கன்வஸ்! தடிச்ச சனியன்... மெஷின் ஊசியெல்லாம் முறியுது. எல்லாம் என்ர மூத்தவள் நிலாணியால. படிச்ச பிள்ளை, ஒபீசில கதிரையில இருக்கலாம்தானே? இல்லை, அவவுக்கு ரோட்டைக் கிண்டித் தண்ணிப் பைப் திருத்திற வேலைதான் வேணுமாம். கண்டறியாத வேலை!

முதல் நாள் வெளிக்கிட்டு வந்து நிக்கிறாள்... எனக்குப் பத்தி எரிஞ்சுது. ஆம்பிளையளின்ர ஓவரோல், சட்டையும் காற்சட்டையும் ஒண்டாத் தைச்சது! பொம்பிளையளுக்கு எண்டு ஒரு அளவும் அவையிட்ட இல்லையாம். கால் நிலத்தில இழுபடுது. ஏணியில இறங்கேக்க உது மிதிபட்டால் கிண்டின கிடங்குக்குள்ள தலைகீழாயெல்லே போவாள்? பிடிச்சு இருத்தி, காலை வெட்டி, இடுப்பைப் பிடிச்சுக் குடுத்தன். அதோட விட்டுதோ? அவளோட வேலை செய்யிற மார்சியா வந்தாள். ஜமேக்காப் பெட்டை, சிரிச்சால் யன்னல் அதிரும். அவவுக்குக் கொலர் உரஞ்சிக் கழுத்தெல்லாம் புண். பேந்து ஒரு போலந்துக்காரி. பேந்து அவளின்ர சிநேகிதி. சொல்லுங்கோ, நான் மனிசியோ மெஷினோ?

ஆர் அவையைக் கூப்பிட்டதோ? ம்... நான்தான். உதென்ன சிரிப்பு! நிலாணிக்குச் சோறு குடுக்கப் போனனான், அவளவை ஓவரோலை மடிச்சு மடிச்சு ஊக்குக் குத்திக்கொண்டு நிக்கிறாளவை. மனம் கேக்கேல்லை. ரேப்பை எடுத்து நடுரோட்டில வைச்சே அளந்துபோட்டன். அவையை மேய்க்கிற போமன் வாயைப் பிளந்துகொண்டு நிண்டான்.

கழுத்துக்கு மெதுவான துணி வேணுமெல்லே? பிளவுஸ் வெட்டின மிச்சப் பட்டெல்லாம் சாக்கில கிடந்தது. எடுத்து எடுத்துக் கொலருக்குள்ள வைச்சுத் தைச்சன். மார்சியா என்னைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினவள், தெரியுமோ! எனக்கும் நல்ல சந்தோசம், ஏன் பொய் சொல்லுவான்.

பிளவுஸோ? இந்தாங்கோ. கழுத்தைப் பாருங்கோ, முதுகைப் பாருங்கோ, என்ன வடிவு... ஓம். ஒரு கைதான். மற்றக் கை... எப்பிடிச் சொல்லுவன்... வெட்டி மேசையில வைச்சது, அந்தச் சாக்குக்குள்ள விழுந்திட்டுது போல. நானும் மிச்சத்துண்டு எண்டு நினைச்சு... இப்ப அது வோபர்னில, ரோட்டுக்குக் கீழ, மார்சியாவின்ர கழுத்தில கிடக்கு.

ஐயோ, அழாதேங்கோ! அதைத் துண்டு துண்டா வெட்டேல்லை, மடிச்சு வைச்சுத்தான் தைச்சனான். பிரிச்சு எடுக்கலாம். கார் கொண்டந்தனீங்களெல்லே? எழும்புங்கோ. நிலாணியின்ர பேஜருக்கு அடிக்கிறன், மார்சியாவை மேல ஏத்தி வைக்கட்டும். நான் கத்தரிக்கோலும் ஊசிநூலும் எடுக்கிறன், கிடங்குக் கரையில இருந்தே உங்கட பிளவுஸ் கையைப் பூட்டித் தாறன்.

பொறுங்கோ பொறுங்கோ... உந்தச் சாக்கையும் தூக்குங்கோ தங்கச்சி. மார்சியாவின்ர கழுத்துக்கு வேற பட்டு வேணுமெல்லே?